மில் மைதானத்தில் அப்பா

பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க இன்று காலை சுண்ணாம்பு நீற்றினார்கள். அந்த வாசனை வந்ததும், ஆரப்பாளையத்துக்கு அப்பால் வைகைக் கரையோரம் இருந்த பந்து மைதானம் கண்ணில் வந்து நின்றது. இப்போது அங்கே தெருத்தெருவாக வீடுகள். அன்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் வாளிச் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். மில்காரர்கள் வெறுங்காலோடு ஆடுவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவோம்.

மில்லில் வேலை பார்த்த அப்பாதான் முன்பு கோல்கீப்பர். ஒருமுறை பந்தைப் பிடிக்கப் பாய்ந்ததில் மணிக்கட்டு முறிந்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. இனி ஆடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்த பிறகு எங்களோடு உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்ப்பார். பந்து கோலை நோக்கி வரும்போதெல்லாம் அவர் தோள் தானாக அசையும்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பர் கால் பிசகி விழுந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க வாங்கண்ணே!" என்று ஆட்டக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க. கையப் பாத்துக்கங்க."

அப்பா கோலுக்குப் போனதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், ஆட்டம் முடியும்வரை திறக்கவே இல்லை. கூச்சல் எழும்போதெல்லாம் என் கையை இறுக்கி, "விழுந்துட்டாராடி?" என்பாள். அப்பா விழுந்தார், எழுந்தார். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அப்பா புழுதியோடு நேரே வந்து, அத்தனை பேர் பார்க்க, இரண்டு கைகளையும் அம்மா முன் நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் கேட்டாள்:

"ஜெயிச்சாச்சா?"