பின்னால் நின்ற ஜன்னல்

மரியஜோசப் மலைமேலிருந்த தொலைநோக்கி நிலையத்துக்கு ஒயரிங் வேலைக்கு வந்தவன். அங்கே கம்ப்யூட்டர் வந்திறங்கியதும் அதன் கையேட்டை வரிவரியாகப் படித்து, ப்ரோகிராம் எழுதும் அளவுக்குத் தானே கற்றுக்கொண்டான். 1988-இல் அவன் கையிலிருந்த வேலை, ஒரே ப்ரோகிராமுக்கு ஒரே திரையில் பல ஜன்னல்கள் வைப்பது. ஒன்றில் நட்சத்திரப் படம், ஒன்றில் தொலைநோக்கி பார்க்கும் திசை, ஒன்றில் ஆபீஸிலிருந்து வரும் சேதி.

அண்ணன் பிலிப் ஒடுகத்தூரில் லாரி ஓட்டினான். அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்தவன். ஒருமுறை தொலைநோக்கி இருந்த கூண்டுக்கட்டடமான டோமுக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா, இத்தினி ஜன்னல் வெச்சிருக்கே, காத்து வருதா?"

"காத்து வராதுண்ணே, சேதி வரும்."

"சேதி வந்தாலாவது வூட்டுக்கு வருவியா? ஒங்கண்ணி என்னாண்ட சண்ட போடறா."

முதலில், சேதி வந்தால் அதன் ஜன்னல் தானாக முன்னால் வந்து நின்றது. ஒருநாள் விஞ்ஞானி ஒருவர் தொலைநோக்கிக்கென்று தட்டிய எழுத்தெல்லாம் அதற்குள் போய் விழுந்து, பிடித்துவைத்திருந்த நட்சத்திரம் நழுவிப் போயிற்று. டோமில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே படமெடுக்கும்போது யாரும் கதவைத் திறப்பதில்லை. வெளிச்சம் புகுந்தால் படம் பாழ். வந்தவர் யாரானாலும் வெளியே நிற்க வேண்டும். அந்த மரியாதையையே மரியஜோசப் ஜன்னலுக்கும் கற்றுக்கொடுத்தான். சேதி பின்னாலேயே காத்திருக்கும். உள்ளே இருப்பவர்களாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல். வானம் மூடிக்கிடந்ததால் டோமில் அவன் மட்டும் இருந்தான். ஒரு ஜன்னலை மூடினால் ப்ரோகிராமே நின்றுபோகும் கோளாறை அன்றுதான் பிடித்தான். படத்தைத் திரை முழுக்க விரித்துவைத்து, திசை ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மூடினால் அது மட்டும் மறைந்தது. அந்த சந்தோஷத்தில் பொழுது போனதே தெரியவில்லை.

ஆபீஸிலிருந்து போன் ஆபரேட்டர் கோபால்சாமி நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"யோவ், இன்னும் இங்கயா குந்திக்கினு இருக்கே? ஜீப்புல போயிருப்பேன்னு நெனச்சேனே!"

"எந்த ஜீப்பு?"

"சேதி அடிச்சனேப்பா! ஒங்கண்ணனுக்கு நெஞ்சுவலியாம். ஒன்னக் கேக்கறாராம். ரோட்டுல தண்ணி ஏறுதுன்னு ஜீப்பு எறங்கி எவ்ளோ நேரமாச்சு!"

திரையைத் திரும்பியும் பாராமல் ஓடினான். பாதையில் தண்ணீர் புரண்டது. வேறு வண்டி எதுவும் இறங்கவில்லை. மறுநாள் பஸ்ஸில்தான் போய்ச் சேர்ந்தான்.

அண்ணி அன்னாள் வாசலுக்கு வந்தாள். "விடிகாலைலதாம்பா போனாரு. ஜீப்பு சத்தம் கேக்கறப்பல்லாம், ‘ஜோசப்பா பாரு’ன்னாரு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

காரியங்கள் முடிந்து மலையேறியவன், யாரும் சொல்லாமலே அந்த ப்ரோகிராமை எடுத்தான். சேதி முன்னால் வரட்டும். தட்டும் எழுத்து மட்டும் எப்போதும்போல் பழைய ஜன்னலுக்கே போகட்டும். இரண்டுக்கும் இடமிருந்தது. நாலைந்து வரிதான். முன்பே தோன்றியிருக்கலாம்.

எழுதி முடித்து ஓடவிட்டான். சோதித்துப் பார்க்க ஒரு சேதி அனுப்பச் சொல்லி கோபால்சாமியிடம் கேட்க எழுந்தான்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. மழையில் அன்றுமுதல் யாரும் திறக்காமல் பின்னாலேயே காத்துக் கிடந்த சேதி, நட்சத்திரப் படத்தை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

"ஜோசப்பு, அண்ணனுக்கு மோசம். ஒனக்காக ஜீப்ப கேட்டாண்ட நிக்க வெச்சிருக்கேன். சீக்கிரம் வா."