தண்ணி எதுவரைக்கும் வரும்?

தென்காசியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருஷமாகச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிற ஹாஜரா பீவிக்கு அரசாங்கக் காகிதம் என்றால் பயம் கிடையாது. ஒரே ஒரு அழுகல் முட்டைக்கு மூன்று அதிகாரிகள் வந்து விளக்கம் கேட்டு, மூன்று பேருக்கும் பதில் எழுதிக் கொடுத்தவள். அதனால் வீட்டு பிளான் அப்ரூவலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்த கணவர் ஒலி முகம்மதுவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மனை குற்றாலம் போகிற சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, அருவிச்சோலை நகரில். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் லீவில் வந்திருந்தபோது இருவருமாகப் போய்ப் பார்த்து வாங்கினார்கள். அது சித்திரை மாசம். மனைப்பிரிவின் தென் எல்லையில், அவர்கள் மனையை ஒட்டி, ஓர் ஓடை. அன்றைக்கு அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முகப்பில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது?

இன்ஜினியர் வேல்ராஜோடு அளவெடுக்கப் போன அன்றைக்குத்தான் அவள் பின்பக்க முள்கம்பி வேலியை நின்று பார்த்தாள். மேலேயிருந்து இரண்டாவது கம்பியில் வைக்கோலும் பாலிதீன் பையும் பிள்ளைகளின் செருப்பு ஒன்றும் சிக்கிக் காய்ந்து கிடந்தன. கம்பி அவள் இடுப்புக்கு மேலே இருந்தது.

"இதெல்லாம் எப்படித் தம்பி இவ்வளவு உயரத்துக்கு வந்துது?"

"காத்துக்குப் பறந்து வந்திருக்கும்க்கா" என்றான் வேல்ராஜ், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

"செருப்புமா?"

ஓடைக்கு அந்தப்பக்கம் வயல் வைத்திருக்கிற இசக்கிதுரை வரப்பில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அது ரெண்டு வருசத்துக்கு முந்தின மழையில வந்ததும்மா. ஒரு பகல் பூரா இங்கன தண்ணி நின்னுதுல்லா. முன்னால ஓடை இதைவிட அகலம். மனை போட்டப்ப கொஞ்சம் ஒதுக்கிவிட்டுட்டாவ" என்று சொல்லிவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே வேல்ராஜின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு தளம். கீழே அவளும் கணவரும், மேலே கல்யாணத்துக்குப் பிறகு வந்துபோக மகள் அஃப்ரின். இந்த அளவு வீட்டுக்கு யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை, விவரத்தைக் கொடுத்துப் பணம் கட்டினால் அப்போதே அனுமதி வந்துவிடும் என்றான் வேல்ராஜ். கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. மனை நீர்வழியிலோ வெள்ளம் தேங்கும் இடத்திலோ இல்லை என்று விண்ணப்பதாரர் உறுதி கூறுகிறார். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

"இதுல ஒரு டிக் போட்டா முடிஞ்சிது."

"தண்ணி தேங்காதுன்னு நான் எப்படிச் சொல்லுறது? எனக்கே தெரியலையே."

"எல்லாரும் போடுறதுதான்க்கா."

"தெரிஞ்சவங்க யாரு, அதைச் சொல்லு. கேட்டுட்டு வந்து போடுதேன்."

வேல்ராஜ் யோசித்தான். "ஊராட்சி ஆபீசுல கேட்டுப் பாருங்கக்கா" என்றான்.

ஊராட்சிச் செயலர் நாறும்பூநாதன் தங்கமான ஆள், போன உடனே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "உங்க அளவுக்கு ஆன்லைன்லேயே கிடைச்சிருமேக்கா. எங்க வரைக்கும் வரவே வேண்டாமே."

"அனுமதி கேட்டு வரல சார். என் மனைக்குத் தண்ணி வருமா, வந்தா எதுவரைக்கும் வரும், அதைக் கேட்டு வந்திருக்கேன்."

"அது எங்க ரெக்கார்டுல இருக்காது. மனைப்பிரிவு மேல அப்ரூவ் ஆகி வந்தது. அவங்க பாத்துதானே குடுத்திருப்பாங்க."

மேலே என்றால் மாவட்ட ஆபீஸ். அரைநாள் லீவு போட்டுப் போனாள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தபோது நீர்வளத்துறையின் சான்று வாங்கித்தான் கொடுத்தோம், ஆகையால் அங்கே கேளுங்கள் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தை எடுத்துக் காட்டி, ஓடை உங்கள் சர்வே நம்பரில் இல்லை, பக்கத்து நம்பரில் இருக்கிறது என்றார். தண்ணீருக்கு சர்வே நம்பர் தெரியுமா என்ற கேள்வி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். நீர்வளத்துறை ஆபீசில் இருந்த எழுத்தர் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"உங்களுக்கு அப்ரூவல் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"இந்த அளவு வீட்டுக்கு எங்க சான்று தேவையில்ல. தேவையில்லாததுக்கு நாங்க எப்படி ஃபைல் போட முடியும்?"

அன்று ராத்திரி போனில் கணவரிடம் கத்தியே விட்டாள். "நாலு ஆபீஸ்ங்க! ஒருத்தராவது வரும்னு சொல்லட்டும், இல்ல வராதுன்னு சொல்லட்டும். கட்டுங்க, கட்டுங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நான் கேட்டதுக்குப் பதிலைக் காணோம்."

"அனுமதி குடுக்குதேன்னு சொல்லுறவங்ககிட்ட போயி ஏன் குடுக்குதீங்கன்னு சண்டை போடுறவ நீ ஒருத்திதான்" என்றார் ஒலி முகம்மது. "டிக்கைப் போட்டுட்டு வேலையைப் பாரு."

அவள் டிக் போடவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தாள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. என் மனையில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி நிற்கும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். ரசீது எண் செல்போனுக்கு வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து நாறும்பூநாதன் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க மனு விசாரணைக்கு எங்கிட்டதான் வந்திருக்கு."

"உங்ககிட்ட கேட்டுப் பதில் இல்லாமத்தானே சார் அங்க குடுத்தேன்!"

"அது எனக்குத் தெரியுது. ஆன்லைன்ல அனுமதி பெறலாம்னு மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டதுன்னு போட்டு முடிச்சிரட்டுமா?"

"முடிச்சியன்னா அடுத்த திங்கக்கிழமை மறுபடி குடுப்பேன்."

மறுபடி கொடுத்தாள். மூன்றாம் தடவையும் கொடுத்தாள். மனு வாங்குகிற பெண்ணுக்கு அவள் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது மனு எப்படியோ வழிதவறி நீர்வளத்துறைக்கே போனது. அங்கே புதிதாக மாறுதலில் வந்திருந்த உதவிப் பொறியாளர் ஜெயபிரியா, எழுத்தரிடம் கேட்காமல் நேரே ஹாஜராவுக்கே போன் போட்டாள். மறுநாள் மத்தியானம் ஸ்கூட்டியில் மனைக்கு வந்தும் விட்டாள். வேலிக்கம்பியைப் பார்த்தாள், இசக்கிதுரையைக் கூப்பிட்டுப் பேசினாள், அவருடைய மோட்டார் அறைச் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைச் சுரண்டிப் பார்த்தாள். லெவல் பார்க்கிற கருவியோடு இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள்.

"மூணேமுக்கால் அடி" என்றாள்.

ஹாஜராவுக்கு அழுகையே வந்துவிட்டது. கெட்ட செய்திதான். ஆனாலும் ஐந்து மாசத்தில் முதல்தடவையாக ஒருத்தர் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

"எழுதிக் குடுப்பியாம்மா?"

"மனுவுக்குப் பதிலாத்தான் எழுதமுடியும். அதுல எழுதுதேன். நாலரை அடிக்கு மேல தளம் வர்ற மாதிரித் தூண் போட்டுக் கட்டுங்கக்கா. அடியில அடைக்காதீங்க, தண்ணி போகட்டும்."

கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓட்டமாய் வேல்ராஜிடம் போனாள். இரண்டு தளத்தையும் அப்படியே தூக்கித் தூணின் மேல் வைத்து அவன் புது பிளான் வரைந்தான். விவரத்தை ஏற்றிப் பொத்தானை அழுத்தினான். டிக் போடுகிற கடைசிப் பக்கம் வருவதற்கு முன்பே திரை சிவப்பாக ஒரு வரியைக் காட்டியது.

"என்னவாம்?"

வேல்ராஜ் தலையைச் சொறிந்தான். "உடனடி அனுமதிக்கு உயரத்துல ஒரு வரம்பு இருக்குக்கா. தூக்குனதால வரம்பு தாண்டிட்டு. இனி சாதாரண முறையில விண்ணப்பிக்கணும். கள ஆய்வு, நீர்வளத்துறைச் சான்று, எல்லாம் வேணும்."

அவள் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "தரையோட கட்டித் தண்ணியில கிடந்தா ஒரு நிமிசத்துல அனுமதி. முழுகாமக் கட்டுதேன்னா நாலு ஆபீஸா?"

"நான் என்னக்கா செய்ய? வேணும்னா மாடியை விட்டுருங்க. உடனே கிடைச்சிரும்."

மாடியை விட அவளுக்கு மனசில்லை. நாலு ஆபீசையும் மறுபடி ஏறினாள். முன்பு உங்களுக்குத் தேவையில்லை என்று சொன்ன அதே எழுத்தர் இப்போது, ஓடைப்பக்க அளவு வரைபடத்தில் இரண்டாவது பக்கம் இல்லை என்று ஃபைலைத் திருப்பினார். இரண்டாவது பக்கத்தைக் கொண்டுபோனபோது முதல் பக்கத்தில் முத்திரை இல்லை. சமையலறையில் பருப்பு வேகிற நேரம் பார்த்து போன் வரும். ஜெயபிரியா தன் பங்குக்கு ஒன்பது நாளில் சான்று கொடுத்துவிட்டாள். அது மேலே கையெழுத்துக்குப் போய் ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. அனுமதி கைக்கு வர ஏழு மாசம் ஆயிற்று.

வீடு எழும்பியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. வீடியோ காலில் தூண்களைப் பார்த்த ஒலி முகம்மது, "வீடு கட்டுதியா, தண்ணி டேங்க் கட்டுதியா?" என்று கேட்டார். "ஒன்பது படி ஏறணும்னா என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"மூணேமுக்கால் அடித் தண்ணியில நீந்துறதுக்கு முட்டி தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

குடிபோன வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை சுமார்தான். ஓடை கரைக்குள்ளேயே ஓடியது. தண்ணி எங்கே, தண்ணி எங்கே என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். அது அவளுக்குப் பெரிய எரிச்சல் இல்லை. பக்கத்து மனையில் ரோட்டு மட்டத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஆலங்குளத்திலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி. அனுமதி அன்றைக்கே கிடைத்துவிட்டதாம்.

கடிதத்தோடு நாறும்பூநாதனிடம் போனாள். "இதை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க சார். மத்தவங்களும் பாக்கட்டும்."

அவர் நிதானமாகப் படித்தார். "இது உங்க மனைக்கு மட்டும் சொன்னதுக்கா. பக்கத்து மனைக்குச் சொல்லலையே."

"எனக்கு மூணேமுக்கால் அடி நிக்குற தண்ணி, வேலிக்கு அந்தப்பக்கம் நிக்காதா சார்?"

"அதை நான் சொல்லமுடியாதுல்லா."

திரும்பி வருகிற வழியில் ஜெராக்ஸ் கடையில் கடிதத்தைப் பெரிதாக்கி லேமினேட் செய்தாள். அன்று மாலையே தன் வீட்டு முன்தூணில், ஓர் ஆள் நின்று படிக்கிற உயரத்தில், ஆணி அடித்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அஸ்திவாரம் பார்க்க வந்த அந்த ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இருவரும் படியேறி வந்து கதவைத் தட்டினார்கள்.

"இது நெசமாங்கக்கா? எங்ககிட்ட யாருமே சொல்லலையே" என்றார் அந்தம்மா.

"நீங்க டிக் போட்டியளா?" என்று கேட்டாள் ஹாஜரா.

"எல்லாரும் போடுறதுதான்னு சொன்னாங்க, போட்டுட்டோம்" என்றார் ஆசிரியர். கொத்தனாரை அன்றைக்கு அனுப்பிவிட்டு, வேல்ராஜின் நம்பரையும் ஜெயபிரியாவின் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார்கள். ஏழு மாசம் ஆகும் என்பதையும் சொல்லித்தான் ஹாஜரா அனுப்பினாள்.