கடைசிச் சிவப்புத் தாள்

மாமா என்னுடைய நிறத்தாள்களைப் பாழாக்கிய கதையை நான் தொடங்கினாலே வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. நடந்தது அநியாயம். அதைச் செய்தவர்கள் என்னைப் பெற்றவர்கள் என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

அப்போது நான் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், அரியாலையில். அந்தப் பங்குனியில் ஆங்கில ரீச்சர் வகுப்பறையின் பின்மூலையில் வசந்தகாலத்தை அமைக்கப்போவதாக அறிவித்தார். பாடப்புத்தகத்தில் அப்படியொரு பாடம் இருந்தது. அதில் பனி உருகியது, பூக்கள் தலையை நீட்டின, முயல்கள் ஓடின. எங்கள் ஊரில் பங்குனியில் உருகுவது தார் வீதி மட்டும்தான். ஆனாலும் அந்த மூலைக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும் என்று ரீச்சர் சொன்னதும், நான் எழுந்து நின்று, கடதாசியில் துலிப் பூங்கொத்து செய்துகொண்டு வருவேன் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. துலிப் எப்படியிருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கனடாவிலிருந்து பெரியம்மா என் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே சதுரமான நிறத்தாள்கள். ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. கூடவே, சிறுவர்கள் இலகுவாக மடிக்கக்கூடிய வசந்தகாலப் பொருட்கள் என்று ஒரு சின்னப் புத்தகம். துலிப், வண்ணத்துப்பூச்சி, முயல் முகம், கோழிக்குஞ்சு. படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் மடிக்கப் பழகியிருந்தேன். துலிப்தான் எல்லாவற்றிலும் சுலபம். மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, கீழ் இரண்டு மூலைகளையும் சற்றுச் சரித்து மேலே தூக்கினால் பூ வந்துவிடும். ஆனால் மூலைகள் மயிரிழை விலகினாலும் பூ கோணிவிடும். என் பூக்கள் கோணியதேயில்லை.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார். அவர் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். மார்கழி மழையில் பலாலி வீதியில் அவருடைய மோட்டார் சைக்கிள் வழுக்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு உடைந்து, பெருவிரலும் மற்ற விரல்களும் சொன்னதைக் கேட்காமல் போய்விட்டன. கடை பூட்டிக் கிடந்தது. அவரைத் தனியே விடக்கூடாதென்று அம்மா எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, என் அறையை அவருக்குக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமா சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ் அமுக்கிப் பழகவென்று கொடுத்த பஞ்சுப் பந்து கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது. கூட்டாளிகள் பார்க்க வந்தால் நித்திரை என்று சொல்லச் சொல்வார். அம்மா கெஞ்சினார், அப்பா கதைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு பின்னேரம் நான் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். மாமா தண்ணீர் குடிக்க வந்தவர், செம்பை வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"என்ன செய்யிறாய்?"

"பூ."

"இது என்ன பூ?"

"உங்களுக்குத் தெரியாது."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்டு தா, பாப்பம்."

நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன். நியாயமான செயல். ஆனால் குசினி வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். எங்கள் வீட்டில் அந்தப் பார்வைக்கு மறுபேச்சில்லை. ஒரு மண்ணிறத் தாளை எடுத்து நீட்டினேன்.

"நல்ல நிறமாக் குடு பிள்ளை," என்றார் அம்மா.

அன்றைக்குத் தொடங்கியது அழிவு. மாமா தினமும் மேசைக்கு வந்தார். நீலத்தை எடுத்தார், மஞ்சளை எடுத்தார். வலது கையால் பிடிக்கப் பார்ப்பார், தாள் நழுவும். இடது கையால் அமத்துவார், மடிப்பு பிழையாகும். விரித்துத் திரும்ப மடிப்பார். கடைசியில் தாள் கசங்கிப்போய், மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியது போலக் கிடக்கும். எனக்கு வயிறு எரியும்.

"மாமா, மூலையும் மூலையும் சேரோணும். கண் தெரியேல்லையோ?"

"கண் தெரியுது," என்றார் மாமா. "கைதான் கேக்குதில்லை."

அம்மாவிடம் முறையிட்டேன். "பழைய பேப்பரிலை மடிக்கச் சொல்லுங்கோ அம்மா. இது எனக்கு வந்தது!"

"அதிலை மடிப்பு நிக்காது பிள்ளை. கொஞ்சம் பொறன்."

பொறுக்கச் சொன்னவர் அந்தக் கசங்கல்களில் ஒன்றைக்கூட எறியவில்லை. ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினார். என் பூக்கள் நேராக, புத்தகத்தில் இருந்ததைவிட அழகாக நின்றன. அவற்றைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் ஒரு கோணல் முக்கோணத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா, "இஞ்சரப்பா, வந்து பாருங்கோ!" என்று அப்பாவைக் கூப்பிட்டார். முக்கோணத்தை! அது பூகூட இல்லை.

நாள் நெருங்க நெருங்கத் தாள்கள் குறைந்தன. சிவப்பில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. என் கொத்தின் நடுவில் உயரமாக நிற்க வேண்டிய பூ அது. நான் முட்டாளில்லை. அதை எடுத்து என் பாடப்புத்தகங்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் கொத்தைக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தாளைக் காணவில்லை. மேசைக்கு ஓடினேன். மாமாவின் முன்னால் அந்தச் சிவப்பு விரிந்து கிடந்தது.

"ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுத்துக் குடுத்தனான்," என்றார் அம்மா. "வேறை தாள் இல்லை பிள்ளை. அவன் இண்டைக்குக் கேட்டவன்."

நான் போட்ட சத்தத்தில் அப்பா முற்றத்திலிருந்து உள்ளே வந்தார். நல்லவேளை, நடுநிலையான ஓர் ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பா கதிரையில் உட்கார்ந்து வழக்கை முறைப்படி விசாரித்தார்.

"தாள் ஆற்றை?"

"என்ரை."

"ஆர் எடுத்தது?"

"அம்மா. எனக்குச் சொல்லாமல்."

"அப்ப நீ சொல்லுறதுதான் சரி," என்றார் அப்பா. "தாள் உன்ரைதான்."

நான் தாளுக்குக் கையை நீட்டினேன்.

"மாமா முடிக்கட்டும்," என்றார் அப்பா.

உலகத்தில் எங்காவது இப்படியொரு தீர்ப்பு உண்டா? சரி என்று சொல்லிவிட்டுத் தோற்கடிப்பது! நான் நின்ற இடத்திலேயே காலால் நிலத்தை உதைத்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

மாமா இடது கையை மடியில் வைத்திருந்தார். வலது கையால் மட்டும் மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. இரண்டு கையால் மடித்தே பாழாக்குகிறவர், என் கடைசித் தாளில் ஒற்றைக்கை வித்தை காட்டுகிறார் என்று நினைத்தேன். சுண்டுவிரலால் தாளை அமத்தி, மற்ற விரல்களால் மூலையை மெல்லத் தூக்கி எதிர்மூலைக்குக் கொண்டுவந்தார். தாள் நழுவியது. திரும்பவும் தூக்கினார். பெருவிரல் நடுங்கி நடுங்கி மடிப்பின்மேல் நகர்ந்தது. பிறகு ஒரு மூலை. பிறகு மற்ற மூலையை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடித்து, மேலே தூக்கி அமத்தினார். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

பூ கோணல். ஓர் இதழ் மேலே, ஓர் இதழ் கீழே. வெள்ளைப் பக்கம் விளிம்பில் எட்டிப் பார்த்தது. இப்போதாவது யாராவது அதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

அப்பா அந்தப் பூவைத் தொடக்கூட இல்லை. மாமாவின் பெருவிரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மச்சான், இனிக் கடையிலை ஸ்குரூ ஆணி பிடிக்கலாம் போலை இருக்கு," என்றார்.

"ஓம் அத்தான்," என்றார் மாமா. பெருவிரலையும் சுட்டுவிரலையும் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்.

பேச்சு பூவைப் பற்றி. இவர்கள் ஸ்குரூ ஆணியைப் பற்றிக் கதைக்கிறார்கள். என் பக்கம் பேச ஒருத்தியாவது இருக்கிறாளா என்று திரும்பி அம்மாவைத் தேடினேன். அம்மா அங்கே இல்லை. குசினிக்குள், அடுப்பைப் பார்த்தபடி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. ஒருவழியாக இந்த வீட்டில் ஒருவருக்கு நியாயம் விளங்கிவிட்டது. தானே எடுத்துக் கொடுத்த தாள் வீணாகப் போய்விட்டதே என்று அம்மா கவலைப்படுகிறார். நான் பெரிய மனதோடு பக்கத்தில் போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அழாதேங்கோ அம்மா. நடுவிலை ஒரு மஞ்சள் பூவை வைச்சுச் சமாளிக்கலாம். ரீச்சருக்குத் தெரியாது."

அம்மா என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டு, சிரித்தபடியே முன்னைவிடப் பலமாக அழுதார். பாவம், அம்மாவுக்கும் சிவப்புத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.