நாழிகை வீரனுக்குக் காத்திருந்தவர்கள்

காமிக்ஸ் வாடகைக்கு விடுகிறவன் கடையில் எல்லாம் இருக்கும், வந்தவர் கேட்கிற அந்த ஓர் இதழைத் தவிர. இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து நொந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் என் கடை. ஒரு பெஞ்சு, குறுக்கே கட்டிய கயிறு, கயிற்றில் தொங்கும் இதழ்கள். அவற்றுக்கெல்லாம் ராஜா, நாழிகை வீரன்தான். வெளிநாட்டுத் தொடர், தமிழாக்கி வந்துகொண்டிருந்தது. பெல்ட்டைத் திருகினால் எந்தக் காலத்துக்கும் போவான், அங்கே அக்கிரமம் செய்கிறவர்களை உதைப்பான், அம்மா தேடுவதற்குள் லண்டனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவான். எந்த நூற்றாண்டுக்கும் நேரம் தவறாமல் போகிறவன், எங்கள் கடைக்கு மட்டும் சொன்ன மாதத்தில் வந்ததே இல்லை.

ரோமாபுரிச் சாப்பாடு

யார் மொழிபெயர்த்தார்களோ, புண்ணியவான், வஞ்சனையில்லாமல் எழுதுவார். ரோமாபுரிச் சிப்பாய் "அடேய் பதரே!" என்பான். கிளியோபாட்ரா காலத்துப் படகுக்காரன் "வாங்க தம்பி, உக்காருங்க" என்பான். ஒரு கதையில் நாழிகை வீரன் ரோமாபுரிச் சிறையில் பசியோடு கிடக்கிறான். காவலாளி இரக்கப்பட்டு எதையோ நீட்டுகிறான். படத்தில் அது ரொட்டி மாதிரிதான் தெரிந்தது. வசனத்தில் புளியோதரை.

வால்பாறை வண்டியில் கண்டக்டராக இருந்த ஒருவர் வாரம் ஒருமுறை வந்து, மலைக்குக் கொண்டுபோக இதழ்களை அள்ளுவார். இந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். தப்பைக் கண்டுபிடித்துவிட்டார், வாடகையைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நான் தயாரானேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ரோமாபுரி ஜெயில்ல புளியோதரை போடறாங்க. எங்க டிப்போ கேன்டீன்ல கேட்டுப் பாருங்க, ஒருநாளும் கெடைக்காதுங்க."

பையனுக்காக

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த செல்வராஜ் அண்ணன் வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வருவார். நாழிகை வீரனை எடுத்து, நாலாக மடித்த செய்தித்தாளுக்குள் செருகிக்கொண்டு, "பையனுக்குங்க" என்பார். நானும் பையன் நன்றாகப் படிக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்புவேன்.

ஒருநாள் அவருடைய வீட்டம்மா நேரே கடைக்கே வந்துவிட்டார். கையில் நாழிகை வீரன் முதல் பாகம். முகத்தில் சிரிப்பில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "ஏனுங்க, எம் பையனுக்கு இன்னும் பல்லே மொளைக்கலீங்க. ரெண்டாம் பாகம் இருந்தாக் குடுங்க, பையனுக்குத்தான்."

அறுந்த பெல்ட்டு

கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த இஸ்மாயில் பாய்க்கும் செல்வராஜ் அண்ணனுக்கும் என் பெஞ்சில்தான் பழக்கம். பழக்கம் என்றால் சண்டை. கடைசிக் கதையின் முதல் பாகம், நடுக்கடலில் கப்பல் மூழ்க, நாழிகை வீரனின் பெல்ட்டு அறுந்து தண்ணீரில் விழுவதோடு நின்றுவிட்டது. பிழைத்து வீடு வந்துவிடுவான் என்றார் பாய். "பெல்ட்டு இல்லாம எப்படிங்க வருவான்? முடிஞ்சுதுங்க கதை" என்றார் செல்வராஜ் அண்ணன். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு.

இதற்கு நடுவில் பாய்க்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானது. ஒரு கண் எப்போதோ போய்விட்டது. இருந்த ஒன்றுக்குத்தான் ஆபரேஷன். பார்வை வருமா என்று கேட்டதற்கு டாக்டர் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னாராம். அதற்கு முன்னால் இரண்டாம் பாகம் வந்துவிடுமா என்று பாய் தினமும் வந்து கேட்டார். வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றும் வந்தார். தொழில் என்ன ஆகும் பாய் என்று கேட்டுவைத்தேன். "ஊசியில நூல் கோக்க எம் மவன் இருக்கான் தம்பி. படத்தைப் பாத்துச் சொல்ல யாரு இருக்காங்க?"

வார்டில் வாசிப்பு

ஆபரேஷன் முடிந்த மறுநாள் பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்த கையோடு செல்வராஜ் அண்ணன் இதழைப் பிடுங்கிக்கொண்டு, "ஏறுங்க வண்டியில" என்றார். கோழித்தீவன வாடை அடிக்கும் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கண்ணில் கட்டோடு பாய் படுத்திருந்தார். அண்ணன் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். வசனம் மட்டுமா, படமும் சொன்னார். "அலை வருதுங்க பாய், நம்ம மணிக்கூண்டு உசரம்." பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மா நின்றுவிட்டார். கடைசிப் பக்கம் வந்ததும் அண்ணன் வாசிப்பதை நிறுத்தினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வெறும் கடல். மிதக்கும் பெல்ட்டு. முற்றும்.

அண்ணன்தான் ஜெயித்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெல்ட்டு கெடைச்சுப்போச்சுங்க பாய்! நேரா ஊட்டுக்கே வந்துட்டான். அம்மா கோழிக்குத் தீனி போட்டுட்டு நிக்கிறாங்க. ‘ஏங் கண்ணு, இப்படி எளைச்சுப்போயிட்டே’ங்கிறாங்க."

"லண்டன்ல கோழி வளக்கறாங்களா?"

"வளக்கறாங்களேங்க. நல்ல ரகமாத்தான் தெரியுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுக்குக் கீழே பாய் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "நாஞ் சொன்னேனில்லீங்க, வந்துருவான்னு? போயி வார்டுக்கே டீ சொல்லுங்க."

கட்டு அவிழ்த்த பிறகு

பார்வை வந்துவிட்டது. தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டு பாய் கடைக்கு வந்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லி முடியாது. அந்தச் சந்தோஷம் அவர் வாயைத் திறக்கும் வரைதான். அந்த இதழைக் கொடு, அந்தக் கோழியைப் பார்க்கணும் என்றார். வாடகைக்குப் போயிருக்கிறது என்று வாயெடுத்தேன். சனியன், அது அவர் மூக்குக்கு நேரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வராஜ் அண்ணன் காரைப் பூட்டினேனா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பாய் பக்கம் பக்கமாக நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார். இதழை மூடி, பழையபடி கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தெருவைப் பார்த்தார். அண்ணன் ஏற்கெனவே பூட்டிய கதவுகளை மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "கண்ணு நல்லாத் தெரியுதுங்க தம்பி. ஆனா இதை மொழிபெயர்த்தவருக்கு நம்ம பல்லடத்துக்காரர் அளவுக்கு வெவரம் பத்தலீங்க."

வாடகைக்குப் போன புத்தகம் கிழிந்தோ கசங்கியோ எப்படியும் கடைக்குத் திரும்பி வந்துவிடும். கதை மட்டும் ஒருநாளும் போனபடியே திரும்பி வந்ததில்லை.