இரண்டு உள்ளங்கைகள்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, யூடியூபில் பாடுகிறவர். ஒவ்வொரு வரி முடியும்போதும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கிக் காற்றில் அழுத்துவார். எங்கள் தெருப் பிள்ளைகள் அதையே டான்ஸாக ஆடுகிறார்கள்.

பழைய கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். கம்பெனிப் பெயரைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது.

"அந்தக் கை ஸ்டைல எங்க புடிச்சீங்க?" என்றேன்.

"ஸ்டைலா? தகடு வெட்டுற பிரஸ் மிஷின் சார் அது. கை உள்ள மாட்டக் கூடாதுன்னு ரெண்டு பட்டன் வெச்சிருப்பாங்க, ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாத்தான் கீழ எறங்கும். வேலய உட்டுட்டுப் பாட வந்துட்டேன், கை இன்னும் அமுக்கிகினே கீது. இன்னா மெட்டு போட்டாலும் அந்தத் தாளந்தான் வருது."

"கையக் கட்டிகினு பாடிப் பாருங்களேன்."

மகளுக்கு எழுதிய தாலாட்டைப் பாடினார். கைகள் அக்குளில் அடங்கியிருந்தன. குதிகால் தரையை இடித்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

"இது ஒண்ணாவது மிஷின் இல்லாத பாட்டா இருக்கட்டும்னு நெனச்சேன் சார். மெதுவாப் பாடுனா பாப்பா அழுவுது. இந்தத் தாளத்துக்குத்தான் தூங்குது."

பெருமையாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பெருமை இல்லை.

மீஞ்சூரில் இறங்கினார். பிளாட்பாரத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அவரை அடையாளம் கண்டு, சிரித்தபடி உள்ளங்கைகளைக் காற்றில் அழுத்திக் காட்டினார்கள். அவரும் பதிலுக்கு அழுத்தினார்.

ரயில் நகர்ந்தது. பெண்கள் போய்விட்டார்கள். அவர் வாய் மூடித்தான் இருந்தது. கைகள் மட்டும் நிற்கவில்லை.