நெட்டு நல்லாத்தான் இருக்கு

சின்னவளுக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் சின்னவள்தான். பிறவியிலேயே நரம்புக் கோளாறு. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது, பேச்சு இழுத்து இழுத்து வரும். மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவருக்குப் பொறுமை போய்விடும், அவ்வளவுதான். பெற்ற அம்மாவே மோசம். இவள் "த" என்று ஆரம்பித்தால் போதும், தலையணையா தலைவலியா என்று பார்க்கமாட்டாள். தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பாள். பாவி மகள், தாகமே இல்லாமல் எத்தனை செம்புத் தண்ணீர் குடித்திருப்பாள்!

அப்படிப்பட்டவளுக்கு வீட்டிலிருந்தே ஒரு வேலை கிடைத்தது. வீட்டுச் சாமான் விற்கிற கம்பெனி. வாங்கினவர்களின் புகாருக்குக் கம்ப்யூட்டரில் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். தேர்வும் எழுத்திலேயே நடந்ததால் அவள் பேச்சைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. வலது கையில் இரண்டு விரல்தான் சொன்னபடி கேட்கும். அந்த இரண்டை வைத்துக்கொண்டே வெளுத்து வாங்கினாள். குக்கர் மூடி மாட்டவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிற ஆள், போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

கம்ப்யூட்டரிலேயே நடக்கிற வாரக் கூட்டம்தான் வம்பு. அதில் வாயைத் திறந்தே ஆக வேண்டும். முதல் தடவை அவள் பேசியபோது யாரோ, "மேடம், உங்க நெட்டு விட்டு விட்டு வருது" என்றார்கள். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "ஆ...மா" என்றாள். அதற்கப்புறம் எல்லாக் கூட்டத்திலும் அதே பொய்.

பொய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒருநாள் காலையில் மேலாளர் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நல்ல மனுஷர், அதுதான் கொடுமை.

"நெட்டு சரியில்லாம பாவம் கஷ்டப்படுறீங்க. இனிமே அப்படிப்பட்டவங்க வீட்டுலேருந்து வேலை பாக்க முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஆபீசுக்கே வந்துடுங்க. மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது, ஆனா நல்லா காத்து வரும்."

போச்சு, வேலை போச்சு. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "குடு, நான் பேசுறேன்" என்று கையை நீட்டினாள். சின்னவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நெட்டு... நல்லாத்தான்... இருக்கு சார். என்... நாக்குதான்... இப்படி. பொறந்ததுலேருந்தே. மாடி... ஏற முடியாது. வேலை... வேணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இத்தனை நாள் பொய் சொன்னதற்கு இப்போது நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தாள்.

"சார்... லைன்ல... இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீங்க முடிச்சிட்டீங்களான்னு தெரியல, அதான் குறுக்க பேசல. வீட்டுலேருந்தே பாருங்க, மேலிடத்துல நான் சொல்லிக்கிறேன். வேற ஏதாவது சொல்லணுமா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னாள்.

"நிறைய... இருக்கு சார்."