மெழுகால் மூடிய பள்ளம்

2006-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது நடந்தது இது. அப்போது நான் விருதுநகரில் ஒரு பல் லேபில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் மாவு ஊற்றி, வாயில் இருப்பது போலவே பல் அச்சு எடுத்து, அதன் மேல் கேப்போ பிரிட்ஜோ செய்து திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. இதற்கென்றே மதுரையில் இரண்டு வருடம் டிப்ளமோ படித்திருந்தேன். "உங்க பொண்ணு பல்லு டாக்டருக்கா படிச்சிருக்கு?" என்று அத்தாவின் கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "இல்ல, பல்லு டாக்டருக்கே பல்லு செஞ்சு குடுக்கப் படிச்சிருக்கு" என்பார் அத்தா.

லேபில் உரிமையாளரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். பெண் நான் மட்டும்தான். சேர்ந்ததிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் மாவு குழைப்பதும் அச்சு எடுப்பதும்தான் எனக்குக் கொடுத்த வேலை. அதன் பிறகுதான் லேப் உரிமையாளர் என்னை செராமிக் மேசையில் உட்கார வைத்தார். உலோகத்தின் மேல் பல் நிறத்தில் செராமிக் பூசி, சூளையில் வைத்து எடுக்கும் மேசை அது. அங்கே உட்காருவதற்குத்தான் நான் படித்ததே.

அந்த மேசையில் நான் செய்த முதல் பெரிய வேலை, சாத்தூர் டாக்டர் ஒருவர் அனுப்பிய பிரிட்ஜ். கூட வந்த சீட்டில் இப்படி இருந்தது: பெண், வயது நாற்பத்திரண்டு, ஊர் ஏழாயிரம்பண்ணை, அடிகுழாயின் கைப்பிடி முகத்தில் அடித்து மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போய்விட்டன. அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டிரண்டு பற்களை டாக்டர் இழைத்துக் கொடுத்திருந்தார். அவற்றின் மேல் தொப்பி போல மாட்டி, நடுவில் இரண்டு பொய்ப்பற்களைத் தாங்கும்படி, ஆறு பல்லும் ஒரே துண்டாகச் செய்ய வேண்டும்.

நிறத்துக்காக மட்டும் ஒரு முழுநாள் உட்கார்ந்தேன். வேர்ப்பக்கம் லேசான மஞ்சள், நுனியில் கண்ணாடி போல ஒரு மங்கல். முடித்து வைத்ததும் உரிமையாளர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மெய்ப்பல்லு தோத்துரும் போலிருக்கே தாயி" என்றார். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பத்தொன்பதாவது நாள் அது திரும்பி வந்தது. இடது பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல்லின் கீழ்முனையில் செராமிக் சில்லாகப் பெயர்ந்திருந்தது. புது அளவு வாங்கிப் புதிதாகச் செய்தேன். இரண்டாவது பிரிட்ஜ் பதினோரு நாள்தான் தாங்கியது. அதே பல், அதே முனை.

டாக்டர் போனில் பேசியது எனக்கே கேட்டது. "மூணாவது தடவையும் உடைஞ்சா, என் வேலை எல்லாத்தையும் மதுரைக்கு அனுப்பிருவேன். நோயாளி முன்னால நான்தான் தலை குனிஞ்சு நிக்கிறேன்."

உரிமையாளர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "இன்னொரு தடவை செய்யி. அதும் போச்சுன்னா நீ பழையபடி மாவுக் கிண்ணத்துக்குப் போயிரு தாயி. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். நோட்டை எடுத்து எழுதினேன். உலோகத்தின் கனம் சரியா? சரி. செராமிக்குக்கு அடியில் உலோகம் தாங்குகிறதா? தாங்குகிறது. சூளையின் சூடு, வெளியே எடுத்து ஆறவிட்ட நேரம்? இரண்டும் சரி. கீழ்ப்பல் எங்காவது இடிக்கிறதா? இடிக்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன முறுக்கு, கரும்பு, எலும்பு எதையும் அந்த அம்மா தொடவில்லையாம். எல்லா வரிக்கும் எதிரே 'சரி' என்று போட்டேன். ஆனால் ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

முதல் தடவை, கடி சரிபார்ப்பதற்காகக் கீழ்ப்பல் அச்சை எடுத்தபோது, அதில் இடது பக்கம் ஒரு பல்லின் நுனியில் மயிரிழை அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. மாவு ஊற்றும்போது காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் அப்படிப் பள்ளம் விழும். அது ஊற்றியவரின் தப்பு. அப்போதுதான் மாவு வேலையிலிருந்து மேலே வந்திருக்கிறேன், மாவில் குமிழ் விட்டேன் என்று யாராவது சொன்னால் என்ன ஆவது? ஒரு துளி மெழுகை உருக்கி விட்டு, பள்ளத்தை மூடி வழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் ஒரு பள்ளம் இருந்தது. அதையும் மூடினேன்.

மூன்றாவது அளவு வந்ததும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாவு ஊற்றினேன். தட்டித் தட்டி, சொட்டுச் சொட்டாக, ஒரு குமிழ்கூட வராதபடி. இறுகிய பிறகு அச்சைப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அதே பல்லில் அதே பள்ளம்.

பழைய அச்சுகள் இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்து, மெழுகைச் சுரண்டினேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்று பள்ளமும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தன. காற்றுக்குமிழ் மூன்று தடவையும் ஒரே இடத்தைத் தேடி வராது. அந்தப் பள்ளம் மாவில் விழுந்ததில்லை. அந்த அம்மாவின் பல்லிலேயே இருந்தது. செராமிக் உடைந்தது அதற்கு நேர் மேலே.

எதுவோ ஒன்று அந்த இடத்தை வருடக்கணக்காக அறுத்திருக்கிறது. அது என்ன என்று அச்சு சொல்லாது. நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். எங்கள் வேலையில் நோயாளியை நாங்கள் பார்ப்பதே இல்லை. அவர் சிரித்துவிட்டு, "போய்ப் பாரு, ஒளிச்சு வச்சு முறுக்கு திங்கிறாங்களான்னு" என்று தெருவும் அடையாளமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போய் அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறினேன். பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை, ஆனால் வீடுகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. சீசன் அல்லவா. பிரிட்ஜ் போட்ட அந்த அக்காவின் வீட்டு வாசலில் பந்தல் நிழலில் அவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் வெடிக்கான காகிதக் குழாய்கள், வெறும் குழாய்கள்தான், குவியல் குவியலாகக் கிடந்தன. நான் யார் என்று சொன்னதும் பக்கத்து வீட்டுப் பெண் கையைக் கொட்டிச் சிரித்தாள்.

"மைனி, பல்லு செஞ்சவுகளே வந்திருக்காக. ஒழுங்கா வாயத் தொறந்து காட்டுங்க, இல்லாட்டிப் பிடுங்கிட்டுப் போயிருவாக!"

"ஏ, சும்மா இருடி. வாங்க பாப்பா, உக்காருங்க. சாப்பிட்டீகளா? உங்களுக்கு வேலைக்கு மேல வேலை வச்சுட்டேன். நான் ஒண்ணுமே கடிக்கல பாப்பா, மாரியம்மன் சத்தியமா."

"நம்புறேன்க்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் சும்மா கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்."

அவர் சங்கடப்பட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். ஒரு இரும்பு வளையத்துக்குள் குழாய்களை நெருக்கமாக நிறுத்தி அடுக்கினார். சுற்றி நூல் போட்டார். வளையத்தை உருவியதும் கட்டு விரியப் பார்க்கும், அதனால் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டார். நூலின் நுனி ஒன்று விரலில் சுற்றியிருந்தது. இன்னொரு நுனியைக் குனிந்து இடது பக்கப் பல்லில் கவ்வி, தலையைப் பின்னால் வெட்டி ஒரே இழுப்பு. முடிச்சு இறுகியது. தற்காலிகமாக டாக்டர் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பல் லேசாக ஆடியது.

நான் முன்னால் குனிந்தேன். "அக்கா, இதத்தான் டாக்டர்ட்டச் சொல்லியிருக்கணும்!"

"எதச் சொல்ல? முறுக்கு, கரும்பு, எலும்பு திங்கக் கூடாதுன்னாக. திங்கல. நூலத் திங்கவா செய்றேன்?"

"பல்லுல இழுக்காம, கத்திரி வச்சு ஏதாச்சும்..."

"கத்திரி வெட்டும் பாப்பா. இழுக்குமா?" கட்டி முடித்த கட்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "கவுத்திப் பாருங்க."

கவிழ்த்தேன். உதறினேன். ஒரு குழாய்கூட நகரவில்லை.

"பதினாறு வருசமாக் கட்டுறேன். லூசா இருக்குன்னு என் கட்டு ஒண்ணு கம்பெனியில இருந்து திரும்பி வந்ததில்ல. பல்லு விழுந்து நாலு மாசம் கட்ட முடியாம, காகிதம் உருட்டுறவுகளோட உக்காந்திருந்தேன். எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் எதுக்குப் பல்லுக் கட்டுனேன்னு நினைச்சீக, சிரிக்கவா?"

நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். முன்பல் என்றால் சிரிப்புக்கு என்று நினைத்து, ஒரு முழுநாள் நிறம் பார்த்திருந்தேன். அவருடைய கட்டு ஒன்றுகூடத் திரும்பியதில்லை. என் வேலை இரண்டு தடவை திரும்பியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இடது பக்கம் உடைந்த பல்லுக்கும் அதை அடுத்த பல்லுக்கும் பின்புறத்தையும் கடிக்கும் விளிம்பையும் முழு உலோகமாக விட்டுவிட வேண்டும். செராமிக் முன்முகத்தில் மட்டும் போதும். நூல் உட்காரும் இடத்தை வழவழவென்று மெருகு போட வேண்டும், கீழ்ப்பல்லையும் அது தேய்க்காது. கஷ்டம் என்னவென்றால், இதை உரிமையாளரிடம் சொல்வதற்கு அந்தப் பள்ளத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் மெழுகு வைத்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்றாவது அச்சை மட்டும் காட்டித் தப்பித்துவிடலாமா என்று சாத்தூர் வரும்வரை யோசித்தேன்.

மறுநாள் மூன்று அச்சுகளையும் அவர் மேசையில் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"முதல் தடவையே இந்தப் பள்ளம் இருந்துச்சுண்ணே. குமிழுன்னு நினைச்சு நான்தான் மெழுகு வச்சு மூடிட்டேன். ரெண்டாவது தடவையும் மூடினேன். உங்கட்டச் சொல்லல."

அவர் மூன்று அச்சுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அப்போ ரெண்டு பிரிட்ஜையும் உடைச்சது நீதான்" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

நான் வரைந்து வைத்திருந்த படத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன தாயி இது? ஓரத்துல வெள்ளிக்கம்பி கணக்கா மினுங்குமே. நம்ம லேப் வேலைன்னு இதையா அனுப்புறது?"

"மினுங்கும். ஆனா உடையாதுண்ணே."

டாக்டரைப் போனில் அழைத்தார். பள்ளத்தை வாயில் தானும் பார்த்ததாகவும், ஏதோ தேய்மானம் என்று விட்டுவிட்டதாகவும் டாக்டர் சொன்னார். பல்லால் நூல் இழுப்பது நல்லதே இல்லை, ஆனால் அந்த அம்மா விடப் போவதும் இல்லை, ஓரம் தெரிவதற்கு அவர் சம்மதித்தால் செய்யலாம் என்றார். அக்காவைக் கேட்டபோது, "தெரிஞ்சாத் தெரியட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

மூன்றாவது பிரிட்ஜை நான் தனியாகவே செய்தேன். உரிமையாளர் ஒரு தடவைகூட என் மேசைப் பக்கம் வரவில்லை. நிறத்தை இந்தத் தடவையும் குறைத்துச் செய்யவில்லை. மெருகு போடும்போது, அக்கா வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த நூலை விளிம்பில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். நூலில் ஒரு பிசிறுகூட எழாத வரைக்கும் விடவில்லை.

பொருத்தியாகிவிட்டது. பதினொன்றாம் நாள் போனது. பத்தொன்பதாம் நாள் போனது. சாத்தூரிலிருந்து போன் வரும்போதெல்லாம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். சீசனின் உச்சத்தில் அந்த அக்கா ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு இழுப்பார் என்று மனது தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தீபாவளி முடிந்தது. கார்த்திகை, மார்கழி போயின. நான் செராமிக் மேசையில்தான் இருந்தேன், ஆனாலும் நாற்காலி நுனியில்தான்.

தை மாதம் ஒருநாள் டாக்டர் என்னையே கூப்பிடச் சொல்லிப் பேசினார்.

"அந்த ஏழாயிரம்பண்ணை அம்மா வந்திருக்காங்க."

"உடைஞ்சிருச்சா டாக்டர்?"

"ஒரு கீறல் இல்லம்மா. கூட வேலை பாக்குற ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அதுக்கும் முன்பல்லு ஒண்ணு போயிருச்சு. அழகா முழு செராமிக்லயே செஞ்சுரலாம்மான்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது. அக்காவுக்கு இருக்க மாதிரி ஓரம் மினுங்குற பல்லுதான் வேணுமாம். செஞ்ச பிள்ளையே செய்யணுமாம்!"

போனுக்குள் தூரத்தில் அந்த அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பியபோது உரிமையாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அன்று சாயங்காலம் சாத்தூரிலிருந்து வந்த அளவுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இப்போது செராமிக் எனக்குக் கைவந்துவிட்டது. பொய்ப்பல் என்று பெற்ற தாயே கண்டுபிடிக்க முடியாதபடி எத்தனையோ செய்திருக்கிறேன். ஆனால் நீ செய்ததில் சிறந்தது எது என்று யாராவது கேட்டால், வாய் திறந்தால் ஓரத்தில் உலோகம் தெரிகிற அந்தப் பிரிட்ஜைத்தான் சொல்வேன். அதைச் செய்ய, என் தப்பை முதலில் நானே எடுத்து மேசை மேல் வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு அதில் பெரிய பெருமை.